அப்பாயியின் தையலும் கூலியும்

அன்புள்ள அக்காவுக்கு,

என் அப்பாயி இறந்து வருகிற மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, பிள்ளைகளை வளர்த்து, அங்கேயே கண்மூடியவர். ஜெபமாலை அவர் கையைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. இறங்கிய நேரத்தில் அந்தக் கை தையல் மெஷினில் இருக்கும். எங்கள் தோட்டத்துக் கோயிலின் பீடத் துணிகளும் மாதா சுரூபத்தின் நீலச் சால்வையும் அவர் தைத்தவை. ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு சிறிய நினைவுமலர் அச்சிடுகிறோம். அதற்கு நான் எழுதிய பக்கங்களை இணைத்திருக்கிறேன். அவரைச் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று பார்த்துத் திருத்தித் தர வேண்டும். இன்னொன்று: அவருடைய மெஷினை விற்றுவிடலாம் என்கிறார் சித்தப்பா, அப்பாவோ அதை மாதா படத்துக்குக் கீழே வைத்துப் பூப்போடுகிறார். எது சரி? இன்றைய பிள்ளைகள் பாட்டிமாரை மறந்துபோவதைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி, பண்டாரவளை

அன்புள்ள தங்கைக்கு,

வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மலையக மக்கள் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தபோது பல ஊர்களில் கண்காட்சிகள் வைத்தார்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில் கூடை இருந்தது, கவ்வாத்துக் கத்தி இருந்தது, கம்பளி இருந்தது, அம்மியும் உரலும் இருந்தன, மதன்–ரதி கதையை ஆடுகிற காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவரின் உடுப்புக்கூட ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த உடுப்பைத் தைத்த மெஷின் மட்டும் எங்கும் இல்லை. கேட்டதற்கு, அது வீட்டுச் சாமான்தானே என்றார் ஓர் இளைஞர். அம்மி பிறகு எந்தச் சாமான் என்று அவரைக் கேட்டிருக்கலாம், பாவம் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்த விஷயத்தின் மேல்தான் உங்கள் கடிதம் வந்து விழுந்திருக்கிறது.

மெஷினை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஈரப்பூவைப் போட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இன்றைய பிள்ளைகள் பாட்டிமாரை மறக்கிறார்கள் என்ற புலம்பலை நான் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை.

உங்கள் பக்கங்களுக்கு வருகிறேன். தமிழ் நன்றாக இருக்கிறது. காய்ச்சல் கண்ட இரவில் அப்பாயி தன் கம்பளியை உங்கள் மேல் போர்த்திவிட்டு, அடுப்படியில் சாக்கை விரித்துக் குந்தியிருந்ததை எழுதிய இடத்தில் நான் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். அதற்கு அடுத்த பத்தியில்தான் இந்த வாக்கியம் வருகிறது: "குடும்பத்துக்காகத் தன்னை மெழுகுவர்த்தியாய் உருக்கிக்கொண்ட எங்கள் அப்பாயி, ஓய்வு வேளைகளில் தையற்கலையில் இன்பம் கண்டார்." மெழுகுவர்த்தியை விட்டுவிடுகிறேன், நம் ஊரில் அச்சாகும் நினைவுமலர் அத்தனையிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஓய்வு வேளை என்று எழுதினீர்களே, அது எந்த வேளை என்று எனக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் ஆசிரியை, பஸ்ஸில் பாடசாலைக்குப் போய்வருகிறவர். உங்கள் அப்பாயியின் நாளை ஒருமுறை விடியலிலிருந்து எழுதிப் பாருங்கள். நாலு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, தண்ணீர் தூக்கி, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. பனியில் நனைந்த செடிக்குள் இடுப்பளவு நின்று, அட்டை கடித்த கால்களோடு கொழுந்து பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்து, மதியம் வீட்டுக்கு ஓடிவந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, மறுபடியும் மலைக்கு ஏறி, பொழுது சாயக் காம்பராவுக்குத் திரும்பினால் விறகு, தண்ணீர், சமையல், துணி துவைப்பு. ஆண்களுக்குத் தோட்டத்தில் பல வேலைகள் நேரத்தோடு முடிந்துவிடும். அவர்களுக்கு மாலை என்று ஒன்று இருந்தது. பெண்களுக்கு அது இருந்ததில்லை. குடும்பம் உறங்கிய பிறகு குப்பி லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த நேரத்தையா ஓய்வு என்கிறீர்கள்? உறங்க வேண்டிய நேரத்தை வெட்டி எடுத்து வேலைக்குக் கொடுத்தார். அதை அப்படியே எழுதுவதில் என்ன வெட்கம்?

இன்பம் கண்டார் என்பதையும் நான் மறுக்கவில்லை. நன்றாக விழுந்த தையலைப் பார்த்து உங்கள் அப்பாயி மகிழ்ந்திருப்பார். கொத்தனாரும் தான் கட்டிய சுவரைப் பார்த்து மகிழ்கிறார்; ஓய்வு வேளையில் சுவர் கட்டி இன்பம் கண்டார் என்று அவருடைய நினைவுமலரில் யாரும் எழுதுவதில்லை.

என் அம்மாயியைப் பற்றிச் சொல்கிறேன், நான் எதற்கு இவ்வளவு கோபப்படுகிறேன் என்பது அப்போது உங்களுக்கு விளங்கும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசியான தொங்கல் காம்பராவில் இருந்தவர். மற்ற பெண்களோடு பிடித்த சீட்டுப் பணத்தில், கைமாறி வந்த பழைய சிங்கர் கைமெஷின் ஒன்றை வாங்கியிருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் அதை வைக்க இடமேது? பகலில் பெட்டியின் மேல் ஏறியிருக்கும், இரவில் முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வரும். கைமெஷினில் வலக்கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும், துணியை நடத்த இடக்கை ஒன்றுதான் மிஞ்சும். பாவாடைக் கரை மாதிரி நீளமான ஓட்டத்துக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் சக்கரம் சுற்றுகிற வேலை பேரப்பிள்ளைகளுக்கு வரும். "மெதுவா சுத்து புள்ள, நூல் அறுந்துரும்" என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த முதல் தொழிற்பயிற்சி.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அளவு நாடாவின் எண்களும் தெரியாது. அளவெடுப்பது நூலில்தான். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் ஒரு முடிச்சு, தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு முடிச்சு, மார்புச் சுற்றுக்கு இரட்டை முடிச்சு, கைநீளத்துக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு நூல், வீட்டுக்கு ஒரு ஆணி. லயத்தில் யார் எந்த ஆணி என்பதும், எந்த நூல் யாருடையது என்பதும் அவருக்குத் தெரியும். பிள்ளை வளர வளர முடிச்சை அவிழ்த்துக் கீழே இறக்கிப் போடுவார். வளருகிற பிள்ளையின் சட்டைக்கு உள்ளே அகலமாகத் தையல் விட்டு வைப்பார். அடுத்த தீபாவளிக்குப் பிரித்து விட்டால் அந்தச் சட்டை இன்னொரு வருடம் ஓடும். காசு கொடுத்துவிட்டவர்களின் நூலில் சிவப்புத் துண்டு ஒன்று கட்டப்பட்டிருக்கும். கட்டாதவர்களின் நூல் கட்டாமலே தொங்கும், அவர்கள் பார்க்கும்படியாக. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர் அவர்தான் என்று நான் சொன்னால் என் மாமாமார் சிரிப்பார்கள்.

கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, பெருவிரலும் சுட்டுவிரலும் வெடித்துப்போன கைகள். அந்த வெடிப்பில் நூல் சிக்கும், வெள்ளைத் துணியில் கறை இறங்கும். ஆகவே வெள்ளைத்துணி வந்த நாட்களில் கைகளை வெந்நீரில் ஊறவைத்து, தேசிக்காய்ப் பாதியால் ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பார். வெடிப்புக்குள் புளி இறங்கி எரியும்போது வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொள்வார். மாரியம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கிட்டே போய்க் கேட்டால் கங்காணியைத் திட்டுவது காதில் விழும். உங்கள் அப்பாயி முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, கொழுந்து பறித்த கையால் கறை படாமல் அதை எப்படித் தைத்தார் என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா?

இப்போது கூலிக்கு வருகிறேன். உங்கள் பக்கங்களில் கூலி என்ற பேச்சே இல்லை. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதுவரைக்கும் ஒரே மலையில் நின்றாலும் பெண்ணுக்குக் குறைவு. அந்தக் குறைந்த சம்பளத்தையும் சம்பள நாளில் புருஷனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்வது பரவலான வழக்கமாக இருந்தது. பெயர் அவளுடையது, உழைப்பு அவளுடையது, காசு இன்னொருவர் பைக்குப் போய், கடைக்கடனும் சாராயமும் கழிந்து மிச்சம்தான் வீட்டுக்கு வரும். தையலுக்கு வந்த சில்லறை அப்படியில்லை. ஒரு பெண் கொடுத்து இன்னொரு பெண் வாங்கியது அது. என் அம்மாயி முந்தானையில் முடிந்தவுடன் அது அவருடையது. அதை எதற்குச் செலவழிப்பது என்று கேட்க அவருக்கு மேலே யாரும் இல்லை. என் அம்மாவின் ஐந்தாம் வகுப்புக் கொப்பிகள் அந்தக் காசில் வந்தவை. தன் கையில் நேராக வந்து விழுந்த ஒரே வருமானத்தைப் போய்ப் பொழுதுபோக்கு என்கிறோம், தியாகம் என்கிறோம். அந்தப் பெண்ணின் பெயரில் இருந்த ஒரே கணக்கை நாமே அடித்துவிடுகிறோம் என்பது எழுதுகிறபோது உறைப்பதில்லை. பழைய அடையாள அட்டையில் தொழில் என்று ஓர் இடம் இருக்கும். அதில் அரசாங்கம் அவரைத் தோட்டத் தொழிலாளி என்று மட்டும் எழுதியது. அரசாங்கத்துக்குத் தெரியாது. பேத்திக்குமா தெரியாது?

இதே தையலைத்தான் நம் பெண்கள் இன்று வெளியே போய்ச் செய்கிறார்கள். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த பிறகு கார்மென்ட் நாட்டின் பெரிய ஏற்றுமதியாக வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே போய் மெஷினில் உட்கார்ந்தால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறோம், சம்பளச் சிட்டை கொடுக்கிறார்கள், வீட்டில் மரியாதையும் கிடைக்கிறது. பாட்டி உட்கார்ந்தது மட்டும் எப்படி அன்பாகிவிட்டது?

தோட்டத்துப் பெண்களுக்கு இந்தத் தையற்காரிகள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதையும் யாரும் எழுதவில்லை. டவுனில் இருந்த தையற்கடைகளில் ஆண்கள்தான். அங்கே போய் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க எத்தனை பெண்கள் கூசினார்கள், போய்வர ஒருநாள் பேர் போகும் என்பது வேறு. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குக்கு உள்ளே பழைய சாரத் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தால்தான் செடியின் குச்சி வயிற்றில் குத்தாது. மாதமாக இருக்கிற பெண்ணுக்கு அதையே அகலமாக்கித் தைக்க வேண்டும். இதெல்லாம் எந்தக் கடைக்காரருக்குத் தெரியும்? எழுபதுகளில் துணிக்குத் தட்டுப்பாடு வந்து, 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், லயத்துப் பிள்ளைகள் போட்டிருந்தது மாச்சாக்கில் தைத்த சட்டை. சாக்கில் அச்சடித்த எழுத்து எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் முழுவதும் போகாது. அந்த எழுத்து உள்பக்கம் மடிந்து போகிற மாதிரி வெட்டுவதற்கு அம்மாயி சாக்கைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார் என்று அம்மா சொல்வார். தொண்ணூறுகளில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசு சீருடை கொடுத்தபோதும் கொடுத்தது துணியைத்தான், சட்டையை அல்ல. தைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்.

பக்தியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது அழகாக இருக்கிறது. ஜெபமாலையில் பத்து மணி உருட்டி முடிக்க ஒரு பக்கத்துக் கரை என்று அவர் ஓட்டியதை நான் வெகுவாக ரசித்தேன். ஆனால் அவருடைய பக்தியைக் காட்ட வேண்டுமானால் கூலியைச் சொல்லித்தான் காட்ட முடியும். எங்கள் அம்மாயி மாரியம்மனுக்குத் தைத்ததற்குக் காசு வாங்கியதில்லை. அம்மன் பாவாடைக்கு என்று தனி ஊசி ஒன்று மஞ்சள் துணியில் குத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டுத்தான் அதைத் தொடுவார். தேருக்குத் தொம்பை, கொடி, திரைச்சீலை எல்லாம் சும்மாதான், நூல்கூட அவர் செலவு. மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு ரதிக்கும் மதனுக்கும் ஜாக்கெட் தைத்தால் மட்டும் கூலியைச் சொல்லி வாங்கிவிடுவார். மதனும் சாமிதானே என்று வேஷம் கட்டுகிறவர் வாதாடுவார். "சாமி வேற, சாமி கட்டுறவன் வேற, காச வை" என்பார் அம்மாயி. எதற்கு வாங்குவது, எதற்கு வாங்கக் கூடாது என்று அவ்வளவு தெளிவாக இருந்தவர். லயத்துக்கெல்லாம் கூலிக்குத் தைத்தவர் அம்மனுக்கு மட்டும் சும்மா தைத்தார் என்று சொல்லும்போதுதான் அந்தச் சும்மாவின் கனம் தெரிகிறது. உங்கள் அப்பாயி எல்லாருக்கும் எல்லாவற்றையும் அன்பினால் தைத்தார் என்று நீங்கள் எழுதினால், பீடத் துணியும் பக்கத்து வீட்டுக்காரரின் தலையணை உறையும் ஒன்றாகிவிடுகின்றன. மாதாவின் சால்வைக்குத் துணி யார் வாங்கினார்கள்? கோயிலா, அவரா? அவர்தான் என்றால் எந்தக் காசில்? அதை உங்கள் அத்தைமாரிடம் கேளுங்கள். கேட்டு எழுதுங்கள்.

இப்படியெல்லாம் எழுதினால் அப்பாயியைக் காசுக்காரியாகக் காட்டுவது போலாகாதா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்கிறவர் அவர் காசில் படித்தவராக இருப்பார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில், "இந்தியாவுக்குப் போன தங்கைக்காக அப்பாயி இரவிரவாக உடுப்புத் தைத்தாராம்" என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். 1964 ஒக்டோபர் 30இல் கொழும்பும் டில்லியும் நம்மைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டு, 525,000 பேரை அங்கே அனுப்புவது, 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்துக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் போனவர் அந்தத் தங்கை. பண்டாரவளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் இறங்கியிருப்பார். அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரியாத ஊருக்குத் தங்கையை அனுப்புகிற அக்கா எத்தனை வருடத்துக்கு வேண்டிய உடுப்பைத் தைத்திருப்பார், அதன் உள்தையலை எவ்வளவு அகலமாக விட்டிருப்பார்! உங்கள் மலரில் நான் இன்னும் வாசிக்க விரும்புகிற பக்கம் அதுதான். ஆனால் கடைசிப் பக்கத்துக் குடும்ப விபரத்தில் மகன்மார் இருக்கிறார்கள், மருமக்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கிற பேரன்மார் நாட்டின் பெயரோடு இருக்கிறார்கள், உடன்பிறந்தோர் என்ற இடத்தில் ஒரு தம்பி மட்டும் இருக்கிறார். அந்தத் தங்கை இல்லை.

அவருடைய பெயர் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும், சுவாமியிடம் கேட்டால் எடுத்துத் தருவார். முகப்பில் அப்பாயியின் பெயருக்குக் கீழே கொழுந்து பறித்தவர், தையற்காரி என்று போடுங்கள். ஓய்வு வேளையை வெட்டிவிடுங்கள். தங்கையின் பெயரைச் சேர்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள். மாதம் பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா